கூப்பிடு தூரம்

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

நீ போய்ச் சேர்ந்தாயா, பெட்டியெல்லாம் பத்திரமாக வந்ததா, ஒன்றும் தெரியவில்லை. அங்கே செல்போன் எடுக்காது என்று நீ சொன்னபோது ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். அடித்துப் பார்த்தால் ஒரு பெண்குரல், தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. அந்தக் குரலையாவது கேட்போமே என்று இன்னும் ஒரு தடவை அடித்தேன். சிரிக்காதே.

எனக்கு மனசு ஆறமாட்டேன் என்கிறது. ரிட்டயர் ஆகிற காலம் நெருங்கிவிட்டது உனக்கு. இத்தனை வருஷம் குடிநீர் ஆய்வகத்தில் மாடாய் உழைத்தவளை, இந்த வயதில், ஆளில்லாத நீர்த்தேக்கத்துக்கு மாற்றுவார்களா? உன் அதிகாரிக்கு நான் ஒரு கடிதம் எழுதட்டுமா? கல்யாணம் குடும்பம் இல்லாதவள்தானே, எங்கே தூக்கிப் போட்டாலும் கேட்க நாதியில்லை என்று நினைத்தீர்களா, தங்கை நான் ஒருத்தி இருக்கிறேன் என்று எழுதுகிறேன்.

இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காதே. பிறந்த வீட்டில் நீ, அம்மா, அப்பா. வாழப்போன வீட்டில் மாமியார், என் வீட்டுக்காரருடைய அண்ணன், ஓரகத்தி, அவர்கள் பிள்ளைகள், போதாக்குறைக்குக் கீழே அச்சகம். அவர் போன பிறகு அங்கே இருக்கப் பிடிக்காமல் உன்னிடம் வந்தேன். நீ இருந்தாய். ஒரு வீட்டில் நான் மட்டும் என்பது எனக்கு இதுதான் முதல் தடவை அக்கா. உன் வீடு சத்தமே போடாத வீடு. நாற்காலிக் காலுக்குக்கூட ரப்பர் மாட்டி வைத்திருக்கிறாய். அடுப்படியில் ரேடியோவையும் கூடத்தில் டி.வி.யையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குளிக்கும்போது கதவைச் சாத்துவதில்லை.

நீ எப்படி இத்தனை வருஷம் இப்படி இருந்தாய்?

பாப்பா


ஜூன் 11

பாப்பா,

வந்து சேர்ந்தேன். அதிகாரிக்கு எழுதாதே.

எனக்கு ஒதுக்கிய வீடு சிறியது. ஓர் அறை, அடுப்படி, தண்ணீரைப் பார்த்த மாதிரி ஒரு வராந்தா. ஆய்வகம் பம்ப் ஹவுஸிலேயே இருக்கிறது. அங்கே ஒரு போன் உண்டு, ஆபீஸ் வேலைக்கு மட்டும். காலையில் கரையோரம் நடந்து போய் மூன்று இடங்களில் கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கித் தண்ணீர் எடுக்க வேண்டும். கலங்கல் எவ்வளவு, குளோரின் எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். கிருமிச் சோதனைத் தட்டுகளை இன்குபேட்டரில் வைத்துவிட்டால் மறுநாள்தான் பார்க்க வேண்டும். அதற்குமேல் வேலை இல்லை.

பம்ப் ஆபரேட்டர் ஒருவர் இருக்கிறார். பேசாத மனிதர். நல்ல மனிதர். புதன்கிழமை ஜீப் வந்து சாமான் இறக்கிவிட்டுத் தபால் எடுத்துப் போகும். அடுத்த புதன் எழுதுகிறேன்.

அடுப்படி ஜன்னல் கொக்கி தளர்ந்திருக்கிறது. காற்றடித்தால் கட்டி வை. குளிக்கும்போது கதவைச் சாத்து.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. கடிதமா அது? டாக்டர் சீட்டு மாதிரி இருக்கிறது. பேசாத மனிதர், நல்ல மனிதர் என்கிறாய். பேசாமலே இருக்கிறவர் நல்லவர் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?

இங்கே ஒரு விசேஷம். என் தையல் மெஷினை ஓரகத்தி வீட்டிலிருந்து வரவழைத்துவிட்டேன். மேல்மாடி டீச்சர் ஒரு பாவாடையை இறக்கித் தைக்கக் கொடுத்தாள். அவள் சொல்லி இன்னொருத்தி வந்தாள். இப்போது முக்கு ரெடிமேட் கடைக்காரர் பேன்ட் நீளம் குறைக்கிற வேலையெல்லாம் என்னிடம் அனுப்புகிறார். வெளிச்சத்துக்காக உன் மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். மேலே இருந்த புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன், பூச்சி மருந்து போட்டிருக்கிறேன், பயப்படாதே. நாற்காலி ரப்பரைக் கழற்றிவிட்டேன். யாராவது வந்து இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் காதில் விழட்டுமே.

பகல் எப்படியோ ஓடிவிடுகிறது. பொழுது சாய்ந்தால்தான் அவஸ்தை. துணி வாங்க வருகிறவர்கள் போய்விடுவார்கள். மெஷின் நின்றுவிடும். நீ இங்கே இருந்தபோது அந்த நேரத்தில் ஜன்னலோரம் போய் உட்காருவாய். "என்னக்கா யோசிக்கிறே?" என்று கேட்டால் "சும்மா" என்பாய். அந்தச் சும்மாவில் என்னதான் இருந்தது? நேற்று நானும் அதே இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவருடைய முகம் வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியில் இருந்த முகம். எழுந்து போய், ஏற்கெனவே இஸ்திரி போட்ட துணிக்கெல்லாம் மறுபடி இஸ்திரி போட்டேன்.

நீ பதில் எழுது. நிறைய எழுது.

பாப்பா


ஜூலை 3

அக்கா,

போன புதனும் கடிதம் இல்லை. அதற்கு முந்தின புதனும் இல்லை. ஜீப் வரவில்லையா? உடம்புக்கு ஏதாவதா? இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க எத்தனை நாள் ஆகுமோ. என்னால் அதுவரை தாங்க முடியாது. நாளைக்கு உன் ஆபீசுக்கே போகிறேன்.

பாப்பா


ஜூலை 9

பாப்பா,

என் வீட்டுக் கதவு உடைந்துவிட்டது. உடைத்தவர்கள் பம்ப் ஆபரேட்டரும் ஜீப் டிரைவரும். உடைக்கச் சொன்னது நீ.

தொடர்ந்து இரண்டு நாள் விடுமுறை. நான் உள்ளேதான் இருந்தேன். மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டினார்கள். கேட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. யாராக இருந்தாலும் போய்விடுவார்கள் என்று இருந்தேன். போகவில்லை. மேடம் மேடம் என்று கூப்பிட்டார்கள். அப்போது பதில் கொடுத்தால், இவ்வளவு நேரம் ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வி வருமே என்று இன்னும் அடங்கி உட்கார்ந்தேன். அதற்குள் கடப்பாரை வந்துவிட்டது.

கதவு விழுந்தபோது என் கால் மேசைமேல்தான் இருந்தது. ஆபரேட்டர் என்னையே பார்த்தார்.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"உங்க தங்கச்சி ஆபீசுக்கு வந்து அழுதாங்களாம். பம்ப் ஹவுஸ் போனுக்குச் சொல்லி, ஜீப்பையும் அனுப்பினாங்க. ரெண்டு வாரமா தகவல் இல்லன்னா நீங்க…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் வந்ததிலிருந்து அவர் அவ்வளவு பேசியது அதுதான்.

ஐம்பது வயது தாண்டியவளுக்கு இதைவிட அவமானம் வேண்டாம். அவர்கள் இருவரும் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். கடிதம் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் விளங்காது. பேச்சு நின்றால் மூச்சும் நின்றுவிட்டது என்று அர்த்தமா?

நகரத்திலிருந்து தச்சர் வந்தால்தான் கதவைச் சரிசெய்ய முடியுமாம். இப்போதைக்கு நிமிர்த்திச் சார்த்தி ஒரு கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். இனி ஒருபோதும் இப்படிச் செய்யாதே.

அக்கா


ஜூலை 16

அக்கா,

இனி செய்யமாட்டேன்.

உன் ஆபீசில் நான் அழுதது உண்மை. அங்கே உன்னோடு வேலை பார்க்கும் கண்ணாடிக்காரி என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள்.

"பயப்படாதீங்கம்மா. அந்த இடத்துக்கு யாருமே போக மாட்டேன்னாங்க. உங்க அக்காதான் எழுதிக் கொடுத்து, அதிகாரி ரூமுக்கு மூணு தடவை நடந்து, கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. அவங்களுக்குத் தனியா இருக்கிறதுன்னா உசிரு."

அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உன்னை யாரும் தூக்கிப் போடவில்லை. என்னிடமிருந்து தப்பிக்க நீயாகவே போயிருக்கிறாய். அதிகாரிக்கு எழுதாதே என்று நீ சொன்னதன் அர்த்தமும் அப்போதுதான் விளங்கியது.

பெட்டியோடு நான் வந்து நின்ற அன்றைக்கு என்ன சொன்னாய்? "இது உன் வீடு பாப்பா, எவ்வளவு நாள் வேணும்னாலும் இரு" என்றாய். ஒரு வார்த்தை, எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பேனே. உன் வீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு நீ ஓடிப்போனதைத் தானம் என்பதா, தண்டனை என்பதா, எனக்குத் தெரியவில்லை.

அவருடைய அண்ணன் வீட்டுக்கே திரும்பிப் போகிறேன். அங்கே யாரும் என்னைப் பார்த்து ஓடமாட்டார்கள். ஓட அந்த வீட்டில் இடமும் இல்லை. சாவியை மேல்மாடி டீச்சரிடம் கொடுத்துவிடுகிறேன்.

பாப்பா


ஜூலை 23

பாப்பா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்துவிட்டு ஐந்தாவது முறையாக எழுதுகிறேன். இதுவும் கோர்வையாக வராது. உன் ஓரகத்தி வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

கண்ணாடிக்காரி சொன்னது சரி. நீ அதற்குச் சொன்ன அர்த்தம் சரியா என்று எனக்கே தெரியவில்லை.

நீ வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது பொய் இல்லை. வேலையிலிருந்து வந்தால் விளக்கு எரியும் வீடு, சூடாக டீ. ஒரு மாதம் போலத் திருவிழாவாக இருந்தது. அப்புறம் என்ன ஆயிற்று? நீ ஒன்றும் தப்புச் செய்யவில்லை. என்ன யோசிக்கிறாய் என்று கேட்பாய். கேட்ட உடனே, யோசித்துக்கொண்டிருந்தது போய்விடும். அவ்வளவுதான். அது ஒரு பெரிய விஷயமா? தினமும் ஏதோ ஒன்று பாதியில் போய்க்கொண்டே இருந்தது. என்ன போயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் கைப்பொருளைத் தொலைத்தவள் மாதிரி எரிச்சலாக வரும். ஒருநாள் நீ பாத்திரம் தேய்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தபோது, நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். அன்றைக்குத்தான் இது சரிப்படாது என்று தோன்றியது.

உன்னிடம் எப்படிச் சொல்வது? வெறும் அறையைப் பார்த்துப் பயப்படுகிறவளிடம் போய் எனக்கு ஒரு வெறும் அறை வேண்டும் என்று எப்படிக் கேட்பது? அதுவும் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவளிடம். அதனால் உனக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு நான் வந்தேன். நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இப்போது கேள். போன வாரம் காலையில் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். கடைசிப் படியில் உட்கார்ந்து கயிற்றை இறக்கிவிட்டுப் பாட்டில் நிறையக் காத்திருந்தேன். ஒரு நீர்நாய் வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு நீந்தி வந்தது. என்னைப் பார்த்தது. நான் அசையவில்லை. குட்டியைக் கொண்டுவந்து என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது. இன்னொன்றையும் கொண்டுவந்து வைத்தது. கண்கூடத் திறக்காத குட்டிகள். ஈரமாக, விரல் நீளம் வாலோடு. மூச்சுவிடுவது தெரிந்தது. சற்று நேரம் அவை இரண்டும் என் பொறுப்பில் இருந்தன. அப்புறம் அது ஏறி வந்து ஒவ்வொன்றாகப் பாறைச் சந்துக்குள் எடுத்துப் போய்விட்டது.

என்னோடு யாராவது இருந்திருந்தால் அது வந்திருக்காது. நீ இருந்திருந்தால் "ஐயோ அக்கா பாரேன்" என்றிருப்பாய், தலைமறைந்திருக்கும். அது எனக்கு நிச்சயம். ஆனால் பாட்டிலைக்கூடச் சரியாக மூடாமல் நான் வேகவேகமாக வீட்டுக்கு நடந்தேன், உன்னிடம் சொல்வதற்காக. வாசலுக்கு வந்த பிறகுதான் நீ இங்கே இல்லை என்பது உறைத்தது.

பார்ப்பதற்கு நீ இருக்கக்கூடாது, சொல்வதற்கு நீ இருக்க வேண்டும். இது என்ன நியாயம்? எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கினால் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 6

பாப்பா,

பதில் இல்லை. நீ எழுதாமல் இருப்பதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. யாரையும் அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்லமாட்டேன். ஆனால் அப்படிச் செய்தால் என்ன என்று இரண்டு புதன்கிழமையும் நினைத்தேன்.

நேற்று அதிகாரி பம்ப் ஹவுஸ் போனில் கூப்பிட்டுக் கலங்கல் அளவு கேட்டார். ரிசீவரை வாங்கி வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. காற்றுத்தான் வந்தது. அவர் ஹலோ ஹலோ என்கிறார், நான் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடுகிறேன். ஆபரேட்டர் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, நான் எழுதி வைத்திருந்ததைப் படித்துச் சொன்னார். அப்புறம் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மோட்டாருக்கு எண்ணெய் போடப் போய்விட்டார். கடைசியாக எப்போது பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

எனக்குத் தனியாக இருக்கத் தெரியும் என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆய்வகத்தில் பகலெல்லாம் ஆட்கள். தெருவில் ஆட்கள். மாடிப்படியில் டீச்சர். எல்லாரையும் தாண்டி வந்து கதவைச் சாத்தினால் அமிர்தமாக இருக்கும். வெளியே ஆட்கள் இருந்ததால்தான் உள்ளே அவ்வளவு ருசித்ததோ? அப்படியென்றால் எனக்குப் பிடித்தது தனிமைதானா, கதவைச் சாத்துவதா? தெரியவில்லை பாப்பா. இப்போது சாத்தக் கதவும் இல்லை.

இன்று காலையிலிருந்து பாட்டில்களின் லேபிளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். குரல் திரும்பிவிட்டது. கரகரப்பாக இருக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்கா,

உன் மேல் கோபமாக இருந்தேன். நீர்நாய்க் கடிதத்தைப் படித்துவிட்டு இன்னும் கோபம் வந்தது, ஏனென்றால் அழுகை வந்தது. குரல் போன கடிதம் வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. ரேடியோ ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு அதோடு சண்டை போடு.

இங்கே நான் எப்படி இருக்கிறேன் தெரியுமா? வந்த அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தாய்மடிக்கு வந்த மாதிரி இருந்தது. ஒரு பக்கம் டி.வி., ஒரு பக்கம் அவருடைய அண்ணன் இருமுகிறார், பிள்ளைகள் சண்டை, ஓரகத்தி யாரையோ அதட்டுகிறாள். ஒரு வாரம் போயிற்று. அப்புறம் எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது. தினமும் பொழுது சாயும் நேரத்தில் வலிக்கும். இருபத்தைந்து வருஷம் இந்தச் சத்தத்துக்கு நடுவில் வாழ்ந்தவள், இப்போது என்ன வந்தது எனக்கு?

துவைத்த துணியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன். காயப்போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் ஓரகத்தி தேடிக்கொண்டு வந்தாள்.

"என்ன இங்க ஒத்தையா உக்காந்திருக்கே? மனசு சரியில்லையா?"

"இல்லக்கா. சும்மா."

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். உன் குரல் மாதிரியே இருந்தது.

அவள் நம்பவில்லை. கீழே போய், பாவம், அவனையே நினைச்சு உருகுறா என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து என்னைத் தனியாக விடக்கூடாது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அவளுடைய பெரிய பெண் நிழல் மாதிரி கூடவே வருகிறாள். மாடிக்குப் போனால் மாடிக்கு. கடைக்குப் போனால் கடைக்கு. "சித்தி, என்ன யோசிக்கிறீங்க?" என்று கேட்கிறாள். அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேள்வியைக் கேட்டதும் குழாயைத் திறந்துவிட்டு நிற்க ஒரு குளியலறை கிடைக்காதா என்று இருந்தது.

இன்னொன்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்தப் பெண் காய்ச்சலில் படுத்திருந்த ஒருநாள், தொட்டிக்குப் பின்னால் நான் அழுதேன். அவர் செத்தபோது அழுதிருக்கிறேன். ஒவ்வொருவராக வந்து கட்டிப் பிடிப்பார்கள், உடனே அழுவேன். அழாவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று அழுத அழுகையும் அதில் உண்டு. இது அப்படி இல்லை. யாரும் தோளைத் தொடவில்லை, போதும் போதும் என்று சொல்லவில்லை. அதுவாகத் தொடங்கி அதுவாக நின்றது. நின்ற பிறகு அவர் முகம் வந்தது. ஆஸ்பத்திரி முகம் இல்லை. அச்சக வேலை முடித்து, காதுமடலில் மையோடு, பசிக்குது என்று சிரித்துக்கொண்டு வந்து நிற்பாரே, அந்த முகம். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

கீழே இறங்கி வந்ததும் அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. யாரிடம் சொல்வது? சொன்னால் மறுபடி கட்டிப் பிடிப்பார்கள்.

நான் எந்தப் பக்கம் அக்கா? உன் பக்கமா, இவர்கள் பக்கமா? உன் வீட்டில் இருந்தபோது நான் பயந்து செத்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் காலையில் மெஷினைத் துடைத்து, ஊசியில் நூல் கோத்து, முதல் ஆள் வருவதற்கு முன்னால் ஒரு டீயோடு உட்கார்ந்திருப்பேனே, அந்த நேரம் இப்போது கண்ணிலேயே நிற்கிறது. என்னைக் கெடுத்துவிட்டாய் நீ.

பாப்பா


ஆகஸ்ட் 27

பாப்பா,

உன் கடிதத்தை வராந்தாவில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். காதுமடலில் மை என்ற இடத்தில் குரல் மறுபடி போய்விட்டது, இந்தத் தடவை வேறு காரணத்துக்காக. அவருடைய அந்தச் சிரிப்பு எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

திரும்ப வர எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்திருப்பார், போனில் தெரியவில்லை. அடுத்த மாதக் கடைசியில் வந்துவிடுவேன். நீ வீட்டுக்கு வந்துவிடு. இருவரும் சேர்ந்து இருக்கலாம். சில ஏற்பாடுகள் செய்துகொண்டால் போதும் என்று தோன்றுகிறது. பொழுது சாய்ந்ததும் ஒரு மணி நேரம் நான் உள்ளறையில் இருப்பேன், நீ கூப்பிடக்கூடாது. காலையில் உன் டீ முடிகிறவரை நான் எழுந்து வரமாட்டேன். சாப்பிடும்போது நீ கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வேன், சும்மா என்று சொல்லமாட்டேன்.

எழுதிவிட்டுப் படித்தால் சிறைச்சாலை விதி மாதிரி இருக்கிறது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் வேறு என்ன சொல்வதென்று தெரியாததால் அப்படியே விட்டிருக்கிறேன். நீ வா, அது போதும்.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்கா,

நீ கூப்பிட்டதே எனக்குப் போதும். ஆனால் வரமாட்டேன்.

முக்கு ரெடிமேட் கடைக்காரருக்கு நம் பின்தெருவில் ஒரு துணிக் கிடங்கு இருக்கிறது இல்லையா, அதற்கு மேலே ஓர் அறை. அவரிடம் பேசிவிட்டேன். நேற்றே வந்துவிட்டேன். ஒரு ஜன்னல், தெருவைப் பார்த்தது. மெஷின் போட்டால் கட்டிலுக்கு இடம் இல்லை, கட்டில் போட்டால் மெஷினுக்கு இடம் இல்லை. பாயில் படுக்கிறேன். சாவி ஒன்றுதான். என்னிடம் இருக்கிறது. இந்த வயதுவரை ஒரு கதவுச் சாவி என் கையில் மட்டும் இருந்ததே இல்லை, அது உனக்குத் தெரியுமா?

ஓரகத்தி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அக்காவோட சண்டையா?" என்றாள். இல்லை என்றேன். "எங்களோட சண்டையா?" என்றாள். இல்லை என்றேன். அப்படியானால் யாரோடு சண்டை என்று அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன்னிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும், எப்படிக் கேட்பதென்று விழிக்கிறேன். நீ வந்ததும் உடனே என்னைப் பார்க்க வராதே. கொஞ்ச நாள் போகட்டும். நானாகக் கூப்பிடுகிறேன். இது பழிக்குப் பழி இல்லை. எழுதும்போது எனக்கே ஒரு நிமிஷம் அப்படித் தோன்றியது, அதனால்தான் சொல்கிறேன். நீ வந்தால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன் அக்கா. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். முதலில் நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உனக்கு இது புரியும். உனக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

பாப்பா


அக்டோபர் 9

பாப்பா,

வந்துவிட்டேன். வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. வீடு நான் விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. நீ போவதற்கு முன் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறாய். நான் ஏங்கிய வீடு, கேட்ட அமைதி. முதல் சில நாள் ராணி மாதிரி இருந்தேன்.

நேற்று மாலை சோப்பு வாங்கக் கடைக்குப் போனேன். வாங்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பாமல் பின்தெருவில் திரும்பிவிட்டேன். தெரிந்தே திரும்பினேனா என்று கேட்காதே. கிடங்கின் எதிரில் மின்கம்பத்தின் பக்கம் வந்ததும் நின்றேன். உன் ஜன்னல் திறந்திருந்தது. நீ உட்கார்ந்திருந்தாய். கையில் துணி இல்லை, ரேடியோ இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாய். உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. யாரோ எனக்குத் தெரியாத பெண் மாதிரி இருந்தாய், அழகாக இருந்தாய்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்த பிறகு நிலை கொள்ளவில்லை. உன் நேரத்தைக் கெடுக்காமல் வந்தேன், அது மரியாதை என்று ஒரு மனது சொல்கிறது. தங்கையைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு அந்நியள் மாதிரி வந்துவிட்டாயே என்று இன்னொரு மனது சொல்கிறது. நான் செய்தது சரியா தப்பா? கேட்க உன்னைத் தவிர ஆள் இல்லை. அடுத்த தெருவுக்குத் தபால்தலை ஒட்டுகிறேன், தபால்காரர் சிரிக்கட்டும்.

அக்கா


அக்டோபர் 12

அன்புள்ள அக்கா,

உன்னைப் பார்த்தேன். நீ கம்பத்துப் பக்கம் வந்து நின்றபோதே பார்த்துவிட்டேன். நீலச் சேலை, கையில் பை. நான் தலையைத் திருப்பவில்லை.

முதலில் எரிச்சல் வந்தது. வராதே என்று சொன்னேனே, வந்து நிற்கிறாளே என்று. அப்புறம், கூப்பிடுவாள், கூப்பிட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டீக்குப் பால் இருக்கிறதா என்றுகூட மனதுக்குள் பார்த்துவிட்டேன். இருந்தது. நீ திரும்பி நடந்தாய். நான் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். கூப்பிட வாய் திறந்தேன். கூப்பிட்டால் இந்தச் சாயங்காலம் போய்விடும், கூப்பிடாவிட்டால் நீ போய்விடுவாய். நான் யோசித்து முடிப்பதற்குள் நீ முக்கு திரும்பிவிட்டாய்.

மறுபடி உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீ செய்தது சரியா தப்பா என்று கேட்கிறாய். எனக்குத் தெரியாது அக்கா. இன்றைக்கு எனக்குத் தெரிவது இவ்வளவுதான்: இன்னொரு தடவை நீ அப்படி வந்து நின்றுவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனால் எனக்குக் கோபம் வரும். நிச்சயமாக வரும். கூப்பிட்டால் கோபம் வருமா என்று சொல்லத் தெரியவில்லை. வந்தாலும் வரும்.

கூப்பிட்டுப் பார்.

பாப்பா